முடமோசியார் இருந்த நாட்டில் ‘நொண்டி’ என்றால் மட்டும் ஏன் கோபம்?

நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது இரண்டு கேள்வி. போலியோவில் கால் சூம்பிப்போன சித்தப்பாவை ஊரே ‘நொண்டி’ சேர்த்துத்தான் கூப்பிடுகிறது, அவரும் மறுபேச்சில்லாமல் திரும்பிப் பார்க்கிறார். சங்கப் புலவர்களுக்கே முடமோசியார், முடவனார் என்று பெயர் இருந்திருக்கிறதே, அன்றைக்கு மரியாதையாக இருந்தது இன்றைக்கு எப்படி அவமானமாகிறது என்பது முதல் கேள்வி. காது கேளாத மகளுக்கு ‘இசை’ என்று தொடங்கும் பெயர் வைத்திருக்கிறோம், சொந்தக்காரர்கள் மாற்றச் சொல்லி நச்சரிக்கிறார்கள், மாற்றலாமா என்பது இரண்டாவது. மாற்றுத்திறனாளி உரிமை அமைப்புகளோடு நீண்ட காலம் பழகியவன், பழந்தமிழும் கொஞ்சம் படித்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இரண்டாவதற்குச் சுருக்கமான பதில்: மாற்ற வேண்டாம். ஏன் என்பது போகப் போக வரும்.

சங்கப் புலவர்களிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் இந்த வாதத்தை நிறையப் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் புறநானூற்றில் 13 பாடல் பாடியவர். அதில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பற்றியவை. முடத்தாமக்கண்ணியார் பொருநராற்றுப்படை பாடியவர். இந்தப் பெயர்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ‘முட’ என்ற அடை இருக்கிறது, சரி. ஆனால் அதற்குப் பின்னால் மோசி இருக்கிறார், தாமக்கண்ணி இருக்கிறார். மோசியாருக்கு முன்னால் ஊர் இருக்கிறது, ஊரில் அவர் வாழ்ந்த பகுதியும் இருக்கிறது. கடைசியில் ‘ஆர்’ விகுதி இருக்கிறது. அவரைப் பற்றி நமக்குத் தெரிகிற நாலைந்து விஷயத்தில் முடமும் ஒன்று, அவ்வளவுதான்.

ஐயூர் முடவனார் கதை வேறு. ஊர் தெரிகிறது, முடம் தெரிகிறது, மரியாதைக்கு ‘ஆர்’ இருக்கிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் மட்டும் போயே போய்விட்டது. புறநானூற்றின் 399ஆம் பாட்டு அவருடையது. தாமான் தோன்றிக்கோன் என்பவனிடம் போய் ஒரு காளை வேண்டும் என்று கேட்கிறார். நடக்க முடியாதவர் தன் வண்டியை இழுக்க மாடு கேட்டார் என்பது உரைகாரர்கள் சொல்லும் விளக்கம். அவனோ வானத்து மீன்கள் போல மாட்டுக் கூட்டத்தையே கொடுத்து, ஊர்தியும் கொடுத்து அனுப்புகிறான். மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் நண்பர்களிடம் இந்தப் பாட்டைச் சொன்னால் சிரிப்பார்கள். கேட்டதற்கு மேலேயே கிடைத்ததா, எந்தத் துறை அது என்பார்கள்.

இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது முடத்தாமக்கண்ணியார் யாரைப் பாடினார் என்பதுதான். பொருநராற்றுப்படையின் தலைவன் கரிகாலன். அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் எல்லோருக்கும் தெரிந்தது, சிறு வயதில் தீயில் கால் கரிந்தவன் என்பது. நூலின் இறுதியில் உள்ள தனி வெண்பா ஒன்றும் காலில் நெருப்புப் பட்ட செய்தியைச் சொல்கிறது. கரி என்றால் யானை, யானைகளுக்குக் காலன் என்று பொருள் சொல்பவர்களும் உண்டு. எது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். கால் கரிந்தவன் என்றே நம்பிக்கொண்டு நாம் இன்றைக்கும் ஆண் குழந்தைக்குக் கரிகாலன் என்று ஆசையாகப் பெயர் வைக்கிறோம். யாருக்கும் அது உடற்குறைப் பெயராகத் தோன்றுவதில்லை. பாடியவர் பெயரிலும் கால், பாடப்பட்டவன் பெயரிலும் கால். ஒன்று கம்பீரமாக ஒலிக்கிறது, மற்றொன்றைச் சொல்லும்போது கொஞ்சம் தயங்குகிறோம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சிம்மாசனம்தான்.

அதற்காகச் சங்க காலம் பொற்காலம், அப்போது பாகுபாடே இல்லை என்று கிளம்பிவிட வேண்டாம். அதே புறநானூற்றில் 28ஆம் பாட்டு பார்வையின்மை, கூன், குள்ளம், ஊமை, செவிடு என்று எட்டு வகையை அடுக்கி, ‘எண்பேர் எச்சம்’ என்று தலைப்புக் கொடுத்து, இப்படிப் பிறந்து பயனில்லை என்ற தொனியில் பேசுகிறது. (எட்டு என்ற கணக்கைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1995ஆம் ஆண்டு வந்த ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் நினைவுக்கு வரும். அது 7 வகை ஊனங்களை மட்டுமே ஏற்றது. புலவர் கணக்கை எட்டித் தாண்ட 2016 வரை ஆனது, அந்தச் சட்டத்தில்தான் 21 வகை வந்தது.) ஆக முடமோசியாருக்குக் கிடைத்த மரியாதை புலவருக்குக் கிடைத்த மரியாதை. அதே உறையூரில் கால் முடமான ஒரு கூலியாளை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை.

மாயவரத்து முடவன் முழுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி முழுவதும் காவிரியில் துலா நீராடல். நடக்க முடியாத பக்தர் ஒருவர் ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்வதற்குள் மாதம் முடிந்துவிட்டது. அவருக்காக இறைவன் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்தார் என்பது கதை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு இன்றைக்கு நாம் போராடுவதற்கு இதைவிடப் பழைய முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஊரார் சொல்லும் கதையில் அவர் ‘முடவன்’ மட்டும்தான்.

இப்போது உங்கள் சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பக்கத்தில் வருவோம். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் தம்பிக்குப் பெயர் குமாரசாமி. எத்தனை பேருக்குத் தெரியும்? ஊமைத்துரை என்றால்தான் தெரியும். பேச்சு வராதவர். அண்ணன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பிறகு பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தவர், 1801 பிப்ரவரியில் தப்பி வந்து, இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையைத் திரும்பக் கட்டி, கம்பெனிப் படையை மே மாதம் வரை திணற அடித்தார். எதிர்த்தரப்பில் சண்டை போட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கில அதிகாரி பிற்பாடு எழுதிய நினைவுக்குறிப்பில் இவரைப் பற்றி வியந்து சொல்லியிருக்கிறார். தாக்குதலுக்கு உத்தரவு கொடுப்பதென்றால், சிறு சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் வரிசையாக வைப்பாராம். அதுதான் வெள்ளைக்காரப் படை. பிறகு வலக்கையால் அப்படியே வாரித் தள்ளி, வாயால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் ஒலி எழுப்புவார். வேலும் கம்புமாகக் கூட்டம் பாயும். அவருடைய சின்ன சைகையையும் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டார்கள் என்கிறார் அந்த அதிகாரி. அதே ஆண்டு நவம்பரில் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள்.

இவர் விஷயத்தில் ‘ஊமை’ என்ற சொல் இழிவாகவா இருந்தது? இல்லை. துரை என்ற சொல் கூடவே இருந்தது, ஆயிரக்கணக்கானவர்களின் அன்பு இருந்தது. அப்படியிருந்தும் குமாரசாமி காணாமல் போய்விட்டார். அன்போடு சொன்னாலும் சரி, வெறுப்போடு சொன்னாலும் சரி, உடற்குறையை வைத்து வரும் பெயருக்கு ஒரு குணம் உண்டு: பக்கத்தில் இருக்கும் சொந்தப் பெயரைத் தின்றுவிடும். உரிமை அமைப்புக்காரர்களின் கோபத்துக்கு அடிப்படை இதுதான் என்பது என் எண்ணம். ‘நொண்டி’ என்ற சொல்லின் அகராதிப் பொருள் கெட்டது என்பதற்காக யாரும் கொதிப்பதில்லை.

‘எங்க ஊர்ல எல்லாருக்கும்தான் பட்டப்பேர் இருக்கு’ என்று உடனே பதில் வரும். உண்மைதான். நெட்டையன், சொட்டையன், குண்டு என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் சொட்டையன் என்று டீக்கடையில் அழைக்கப்படுகிறவருக்குக் கல்யாணப் பத்திரிகையில், வங்கிப் புத்தகத்தில், பஞ்சாயத்து ரசீதில் வேறு பெயர் இருக்கும். அதோடு, அவரை அப்படிக் கூப்பிடுகிறவரை அவரும் ஏதாவது சொல்லிக் கூப்பிடுவார். ஊனமுற்றவருக்கு இரண்டும் பல நேரம் கிடைப்பதில்லை. திருப்பிச் சொல்ல முடியாது, பட்டப்பெயர் டீக்கடையோடு நிற்பதும் இல்லை.

ஊனச் சான்றிதழ் முகாம் ஒன்றில் உதவிக்கு உட்கார்ந்திருந்தபோது காது கேளாத, பேச்சு வராத மூதாட்டி ஒருவர் வந்தார். விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்த பையன் தலைநிமிராமல் ‘பாட்டி பேரு?’ என்றான். கூட வந்த பக்கத்து வீட்டுப் பெண் ‘ஊமச்சி’ என்றார். அவன் நிமிர்ந்து பார்த்து, ‘நிஜப் பேரு கேட்டேங்க’ என்றான். ‘நிஜப் பேரே அதாம்ப்பா’ என்று ரேஷன் அட்டையை நீட்டினார். ஊமைச்சி என்றுதான் அச்சாகியிருந்தது. அந்தம்மாவின் தங்கை வேறு ஊரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று சொல்லி, போன் போட்டுக் கேட்டபோதுதான் அழகான ஓர் அம்மன் பெயர் இருந்தது தெரியவந்தது. பெயர் வைத்தவர்கள் செத்துப்போய்விட்டார்கள், கூப்பிட ஆளில்லை. அவருக்கோ அந்தப் பெயரும் கேட்டதில்லை, இந்தப் பெயரும் கேட்டதில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த முகங்களை மாறி மாறிப் பார்த்தபடி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இழிவான பொருள் உள்ள பெயர் எல்லாமே ஆளைத் தாழ்த்துகிறதா என்றால், அதுவும் கிடையாது. முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை என்று குப்பையில் கிடத்தி எடுத்து குப்பன், குப்பாயி என்று வைப்பார்கள். பிச்சை என்று வைப்பார்கள், மூக்குக் குத்தி மூக்கன், மூக்காயி என்பார்கள். பொருளை மட்டும் பார்த்தால் எவ்வளவு தாழ்வான பெயர்கள்! எமன் திரும்பிப் பார்க்காமல் போகட்டும் என்று பெற்ற தாய் வைத்தது என்பதால் அதில் அவமானம் ஒட்டுவதில்லை. தஞ்சைப் பக்கம் சப்பாணிக் கருப்புக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்கு ‘சப்பாணி’ என்று வைப்பார்கள். அந்தப் பிள்ளை கபடி விளையாடும்.

வெளிநாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. ரோமாபுரியில் உடற்குறையே குடும்பப் பெயராக இருந்திருக்கிறது. கி.மு. 312இல் அப்பியன் சாலையைத் தொடங்கிய அப்பியஸ் கிளாடியஸுக்குப் பின்னால் ‘கேக்கஸ்’ என்று ஒரு பெயர் வரும். பார்வையற்றவர் என்று பொருள், முதுமையில் பார்வை போனவர். கிளாடியஸ் என்பதே காலை இழுத்து நடப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் சிசிலியா என்று வைக்கிறோமே, அதன் வேரிலும் பார்வையின்மையைக் குறிக்கும் அதே லத்தீன் சொல்தான். எந்த சிசிலியாவாவது அதற்காக வருத்தப்பட்டிருக்கிறாரா? பெயர் பழகிவிட்டால் பொருள் தூங்கிவிடுகிறது.

வடக்கே தலைகீழாக ஒன்று நடக்கிறது. சூர்தாஸ் பார்வையற்ற பெருங்கவிஞர் என்பது மரபு. அதனால் இந்தி பேசும் ஊர்களில் பார்வையற்றவர் யாரைப் பார்த்தாலும் ‘சூர்தாஸ்ஜி’ என்று கூப்பிடும் வழக்கம் வந்துவிட்டது. மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் வங்கியில் வேலை பார்க்கும் இளைஞனை ரயிலில் முன்பின் தெரியாதவர்கள் ‘சூர்தாஸ்’ என்று அழைத்து வழிவிட்டால் அவனுக்கு எப்படி இருக்கும்? கவிஞரின் பெயரே ஆனாலும் அது அவன் பெயர் இல்லையே. நம் ஊரிலும் கண்தெரியாத புலவருக்கு ‘அந்தகக்கவி’ என்று பட்டம் உண்டு. நல்லவேளையாக வீரராகவ முதலியார் என்ற பெயர் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வந்து பிழைத்துக்கொண்டது.

சரி, உங்கள் மகள் விஷயம். பெயரின் பொருளும் உடம்பும் பொருந்தவில்லை என்பதுதானே சொந்தக்காரர்களின் புகார்? மீனாட்சி, சுலோசனா, கண்மணி எல்லாமே கண்ணை வைத்து வந்த பெயர்கள். பார்வையற்றோர் பள்ளிகளில் இந்தப் பெயர்களைச் சர்வசாதாரணமாகக் கேட்கலாம். பெயரைக் கேட்டதும் ‘அடடா’ என்று உச்சுக்கொட்டுகிறவர்கள் எப்போதும் வெளியாட்கள்தான். சக்கர நாற்காலியில் இருக்கும் நடராஜன்களுக்கும் அதே கதி: ‘பேரைப் பாரு, நடராஜன்!’ செல்வராஜ் கடனில் தவிக்கும்போது பெயரை மாற்று என்று யாரும் சொல்வதில்லை. அறிவழகன் பத்தாம் வகுப்பில் தோற்றால் அரசிதழுக்கு ஓடுவதில்லை. உங்கள் மகளின் பெயரில் இருக்கும் இசை உங்கள் காதுக்கு வைத்தது. அதைச் சுமக்கப்போகிறவள் அவள். வளர்ந்த பிறகு அவளுக்குப் பிடிக்கவில்லையென்றால் அரசிதழில் வெளியிட்டு மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. அந்த முடிவை அத்தைமார்கள் இப்போதே எடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் நடக்கப்போகிறது, அதற்குத் தயாராக இருங்கள். காது கேளாதோர் பள்ளியில் சேர்ந்தால், அல்லது காது கேளாத பெரியவர்களோடு பழக ஆரம்பித்தால், அவளுக்கு இன்னொரு பெயர் வரும்: சைகைப் பெயர். நெற்றித் தழும்பு, கன்னத்து மச்சம், சுருட்டை முடி, அடிக்கடி செய்யும் ஏதோ ஒரு சேட்டை, இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு கையசைவில் பெயர் வைத்துவிடுவார்கள். பொதுவாக இதை நாமே வைத்துக்கொள்ள முடியாது. அந்தச் சமூகம் வைக்க வேண்டும். அமெரிக்காவில் காது கேளாதோர் கல்விக்கு வித்திட்ட லோரான் கிளெர்க் என்ற பிரெஞ்சுக்காரருக்குக் குழந்தைப் பருவத்தில் நெருப்பில் விழுந்து கன்னத்தில் தழும்பு. இரண்டு விரலைக் கன்னத்தில் வைத்து இழுப்பதுதான் அவருடைய சைகைப் பெயர். 1817இல் அவரோடு சேர்ந்து பள்ளி தொடங்கிய தாமஸ் காலடெட் மூக்குக்கண்ணாடி போட்டவர். கண்ணோரம் கண்ணாடிக் காம்பைக் காட்டுவது அவர் பெயர். வாஷிங்டனில் அவர் பெயரால் இருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இன்றுவரை அதே சைகைதான்.

இங்கேதான் உங்கள் முதல் கேள்வி திரும்ப வந்து உட்காருகிறது. தழும்பை வைத்துப் பெயர் வைப்பதும் காலை வைத்துப் பெயர் வைப்பதும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தானே இருக்கிறது? கிளெர்க்குக்குப் பெயர் வைத்தவர்களும் காது கேளாதவர்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு மூக்கோ முடியோ பெயராக இருந்தது. அங்கே எல்லோரும் சமம், எல்லோர் பெயரும் அப்படித்தான். 1960களில் கலிபோர்னியாவின் பெர்க்லியில் படித்த எட் ராபர்ட்ஸும் அவருடைய சக்கர நாற்காலி நண்பர்களும் தங்களுக்குத் தாங்களே ‘ரோலிங் குவாட்ஸ்’ (உருண்டு போகும் கைகால் முடங்கியவர்கள்) என்று கிண்டலாகப் பெயர் வைத்துக்கொண்டார்கள். அவர்களே ஒருவரையொருவர் எப்படி வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்வார்கள். எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கக் கூட்டங்களுக்கு வந்து பாருங்கள், தேநீர் இடைவேளையில் ‘டேய் நொண்டி, அந்த ஸ்டிக்கை எடு’ என்பது காதில் விழும். அதைக் கேட்டுவிட்டு நடக்கிற ஒருவர் அதே சொல்லை எடுத்தாரோ, தொலைந்தார்.

கூட்டாக வைக்கும் பெயரிலும் இதே சண்டைதான். ஊனமுற்றோர் என்று இருந்தது. கருணாநிதி முதல்வராக இருந்தபோது ‘மாற்றுத்திறனாளி’ அரசு வழக்குக்கு வந்தது. துறையின் பெயரும் மாறியது. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதை மனதார ஏற்றுக்கொண்டார்கள். திறன் ஒன்றும் மாற்றாக முளைக்கவில்லை, படிக்கட்டுக்குப் பதில் சாய்தளம் இருந்தால் போதும் என்று முணுமுணுக்கிறவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன், ஆனாலும் பெயரை ஏற்றுக்கொண்டு வேலையைப் பார்க்கிறேன். 2015 டிசம்பரில் பிரதமர் வானொலியில் முன்வைத்த ‘திவ்யாங்’ அப்படி அடங்கவில்லை. தெய்வீக அங்கம் வேண்டாம், பேருந்தில் ஏற வழி வேண்டும் என்று நாடு முழுவதும் அமைப்புகள் எதிர்த்தன. 2019இல் இந்தியாவின் அறிக்கையைப் பரிசீலித்த ஐ.நா. குழுவும் அந்தச் சொல் சர்ச்சைக்குரியது என்று சுட்டிக்காட்டியது. மத்திய அரசுத் துறையின் பெயரில் அது இன்னும் இருக்கிறது.

பெயரை மாற்றுவதால் மட்டும் எதுவும் தீராது என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களுக்கான ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி’, அந்தச் சொல் பள்ளிக்கூடத்தில் வசவாகிப் போனதால் 1994இல் ‘ஸ்கோப்’ என்று மாற்றிக்கொண்டது. கொஞ்ச நாளில் பிள்ளைகள் ‘ஸ்கோப்பர்’ என்று திட்ட ஆரம்பித்தார்கள். சென்னையிலும் அதே சொல்லோடு தொடங்கிய அமைப்பு ஒன்று பிறகு ‘வித்யாசாகர்’ ஆனது. இங்கே அதை யாரும் வசவாக்கவில்லை, கல்விக்கடல் என்று சொல்லித் திட்டுவது கஷ்டம்தான். ஆய்க்குடியில் 1981இல் எஸ். இராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கத்தில் ‘அமர்’ என்பது, கழுத்தெலும்பு அடிபட்ட தனக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயர். இவை ஒரு வகை. தமிழ்நாடு அனைத்து வகை மாற்றுத்திறனாளிகள் மற்றும் பாதுகாப்போர் உரிமைகளுக்கான சங்கம் என்று ஒரு நீண்ட பெயர் இருக்கிறது பாருங்கள், மூச்சு வாங்கும். ஆனால் ‘நலச் சங்கம்’ என்று வைக்காமல் ‘உரிமைகளுக்கான சங்கம்’ என்று வைத்ததில்தான் விஷயமே இருக்கிறது. நலம் என்றால் யாரோ பார்த்துச் செய்வது, உரிமை என்றால் மறியல் செய்தாவது வாங்குவது. 1995ஆம் ஆண்டுச் சட்டமே அப்படித்தான் வந்தது. ஜாவேத் அபிதி போன்றவர்கள் டெல்லியில் சக்கர நாற்காலிகளோடு தெருவில் இறங்கிய பிறகுதான் நாடாளுமன்றம் அசைந்தது.

நம் மண்ணில் இது புதிதும் இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். பெயரின் வாலை நறுக்கிய ஊருக்கு, தலையில் ஒட்டியிருக்கும் ‘நொண்டி’யை நறுக்குவது புரியாமல் போகக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆம் பிரிவுப்படி, பொதுவெளியில் ஒரு மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் அல்லது மிரட்டினால் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நோக்கம் என்பது இங்கே முக்கியம். பழக்க தோஷத்தில் கூப்பிடும் டீக்கடைக்காரர் மேல் இது பாயாது. வரப்புத் தகராறில் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ‘நொண்டிப் பயலே, உன் பாவத்துக்குத்தான் கடவுள் காலை எடுத்தான்’ என்று கத்துகிறவர் மேல் பாயும். அந்தப் பாவக் கணக்குதான் இந்தச் சொற்களுக்கு விஷம் ஏற்றுகிறது. 2024இல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் பேச வந்தவர் முன்பிறவிப் பாவத்தால்தான் ஊனமாகப் பிறக்கிறார்கள் என்று மாணவிகளிடம் சொன்னபோது, பார்வையற்ற தமிழாசிரியர் அதே கூட்டத்தில் எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேசியவர் பிறகு கைதானார். அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றமும் திரைப்படங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சித்திரிப்பது பற்றிய தீர்ப்பில், இழிவான சொற்கள் அவர்கள் தங்களைப் பற்றி நினைப்பதையே கெடுக்கின்றன என்று சொன்னது.

உங்கள் சித்தப்பா விஷயத்தில் நான் வழக்குப் பக்கம் போகச் சொல்லவில்லை. அவர் திரும்பிப் பார்க்கிறார் என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எதைச் சொன்னாலும் ஊர் கூப்பிடப் போவதில்லை என்று தெரிந்தவர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார். தனியாக இருக்கும்போது நீங்களே கேட்டுப் பாருங்கள். ‘அதெல்லாம் பழகிருச்சுப்பா’ என்று சொல்லக்கூடும். உண்மையிலேயே அதில் ஒட்டுதல் வந்துவிட்டவர்களும் இருக்கிறார்கள், அது அவர் இஷ்டம். எப்படியிருந்தாலும் உங்கள் வீட்டில் ஆரம்பிக்கலாம். வீட்டுப் பிள்ளைகள் ‘தாத்தா’ என்றோ பெயரோடு சேர்த்தோ கூப்பிடட்டும். ஊரில் அதே பெயரில் இன்னொருவர் இருக்கிறார், அடையாளத்துக்குத்தான் சொல்கிறோம் என்பார்கள். தெருவைச் சொல்லலாம், தொழிலைச் சொல்லலாம். அப்புறம் அவருடைய ஆதார், ரேஷன் அட்டை, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை மூன்றையும் எடுத்து வைத்து எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைக்கு அட்டை பெயர் மாறினால் உதவித்தொகை சிக்கும். எதிலாவது பட்டப்பெயர் ஏறியிருந்தால் இப்போதே திருத்தத்துக்கு எழுதிக்கொடுத்துவிடுங்கள். இயற்பெயரைச் சாட்சி சொல்ல அவர் தலைமுறை ஆட்கள் இருக்கும்போதே செய்வது நல்லது.